அரம் தின்ற அம்புகள்

ஆர்லிஸ் வீட்டுத் துப்பாக்கிகள் எல்லாம் பிப்ரவரி மாதத்திலிருந்து அவன் மச்சான் டாயிலின் வீட்டில் இருந்தன. ஹிக்கரி ஓடைப் பக்கம் எல்லோருக்கும் இது தெரியும். யாரும் ஆர்லிஸ் காதுபட அதைப் பேசியதில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை டாயில் தன் பிக்கப் வண்டியைக் கொல்லைப்புறமாகக் கொண்டுவந்து நிறுத்தி, பழைய போர்வைகளில் சுற்றி ஒவ்வொன்றாக ஏற்றினான். ஆர்லிஸ் சமையலறை மேசையில் உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டிருந்தான், திரும்பிப் பார்க்கவில்லை. கடைசித் துப்பாக்கி வாசலைத் தாண்டும்போது மட்டும், "அதுக்கு எண்ணெய் போட்டு வை மச்சான். இல்லேன்னா துரு ஏறிடும்" என்றான்.

அதற்கு முந்தைய வாரம் பனி கொட்டியதால் பள்ளிக்கூடத்தை மதியத்தோடு மூடினார்கள். பள்ளிச் சமையலறையில் வேலை பார்க்கும் வனெட்டா வழக்கத்துக்கு முன்பே வீடு திரும்பினாள். வைக்கோல் கொட்டகையில் விளக்கு எரிந்தது. உள்ளே அவள் கணவன் ஒரு வைக்கோல் கட்டின்மேல், மடியில் துப்பாக்கியோடு உட்கார்ந்திருந்தான். நாய் அவன் காலடியில் தூங்கிப்போயிருந்தது. அவள் ஒன்றும் கேட்காமல் பக்கத்தில் உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் கழித்து அவன் துப்பாக்கியை எடுத்து அவள் மடியில் வைத்தான். "ஸ்கூல சீக்கிரம் விட்டுட்டாங்களா?" என்றான். அதற்குமேல் அவர்களுக்குள் அதைப் பற்றிப் பேச்சே நடக்கவில்லை.

ஊர் தன் பங்குக்குக் காரணங்களைத் தேடிக்கொண்டது. விஸ்கிப் பீப்பாய்க்கு வெள்ளை ஓக் பலகை அறுக்கும் ஆலையில் அவனுக்கு வேலை. அங்கே வாரத்தில் மூன்று நாள்தான் இப்போது ரம்பம் ஓடுகிறது என்றார்கள். இலையுதிர்காலத்தில் அவன் தம்பி புற்றுநோயில் போனதைச் சொன்னார்கள். முதுகுவலி மாத்திரையைச் சொன்னார்கள். எல்லாம் உண்மைதான். ஆனால் இவை எல்லாவற்றையும் கூட்டினாலும் அந்த மதியம் வரவில்லை என்றுதான் வனெட்டாவுக்குத் தோன்றியது. டவுனில் பார்த்த டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்தார். துப்பாக்கி வீட்டில் இருக்கவேண்டாம் என்றார். பழகிய வேலைகளை விடவேண்டாம் என்றும் சொன்னார்.

ஆர்லிஸ் எந்த வேலையையும் விடவில்லை, ஒன்றைத் தவிர. வைக்கோல் கொட்டகைக்குள் அவன் கால் வைப்பதில்லை. காலையில் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பும் முன் வனெட்டா கட்டுகளை இழுத்து வெளியே போடுவாள். அவன் அங்கிருந்து மாடுகளுக்கு எடுத்துப்போவான். இந்த ஏற்பாட்டையும் யாரும் வாய்விட்டுப் பேசிச் செய்யவில்லை.

ஏப்ரலில் சிக்கல் வந்தது. எங்கள் ஓசார்க் மலைப்பக்கம் வசந்தம் என்றால் காட்டு வான்கோழிதான். காட்டின் உள்ளே டாக்வுட் மரங்கள் பூத்து, துணி காயப்போட்டதுபோல் அங்கங்கே வெள்ளையாகத் தெரியத் தொடங்கியதும், சேவல்கள் விடியும் முன்பே அடைந்த மரத்தில் இருந்தபடி கத்த ஆரம்பிக்கும். அதன்பிறகு ஆலையிலும் சர்ச்சிலும் வேறு பேச்சு இருக்காது. வேட்டை தொடங்கும் திங்கட்கிழமை ஆலைக்கு விடுமுறை; திறந்து வைத்தாலும் மரம் உருட்ட ஆள் வராது. வனெட்டாவும் கல்யாணமான புதிதில் அவனோடு காட்டுக்குப் போனவள்தான். மரப்பெட்டி மூடியை உரசிப் பெட்டையின் குரலை எழுப்புவதில் ஆர்லிஸைவிட அவள் கை பதமானது. கிழட்டுச் சேவல்கள்கூட ஏமாந்து வந்திருக்கின்றன.

வேட்டைக்கு முந்தைய வாரம் டாயில் வேலிக் கம்பங்களோடு வந்தான். மழையில் ஓடை பெருகி, தெற்குப் பக்க வேலியை அடித்துக்கொண்டு போயிருந்தது. இருவரும் சேறு மிதித்துக் குழி தோண்டிக் கம்பம் நட்டார்கள். முள்கம்பியை டாயில் இழுத்துப் பிடிக்க, ஆர்லிஸ் ஆணி அடித்தான்.

"மச்சான், நீளத் துப்பாக்கிய மட்டும் கொண்டாந்து குடு. ஒரு வாரந்தான். சீசன் முடிஞ்சதும் நானே கொண்டுவந்து தந்துடறேன்."

"ஆணிய அடி."

"கேட்டேனே."

"காது கேட்டுச்சு. ஆணிய அடி மாப்ள, கம்பி கைய அறுக்குது."

ஆர்லிஸ் அடித்தான். அடுத்த கம்பத்துக்கு நகர்ந்தார்கள்.

"நான் என்ன சின்னப் புள்ளையா?"

"சின்னப் புள்ளையா இருந்தா குடுத்திருப்பேன். என் பேரனுக்கே ஒண்ணு வாங்கிக் குடுத்திருக்கேன். டாக்டர் என்ன சொன்னாருன்னு உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும்."

"அந்தாளு வான்கோழிய படத்துலதான் பாத்திருப்பான்."

"இருக்கும். ஆனா உன்ன நேர்ல பாத்திருக்கான்."

ஆர்லிஸ் சிரிப்பதுபோல் மூச்சு விட்டான். சுத்தியலைக் கம்பத்தின் தலையில் வைத்துவிட்டு, மேட்டுக் காட்டைப் பார்த்தான்.

"எனக்கு ஒண்ணுமில்ல மச்சான். நல்லாத்தான் இருக்கேன். நீங்க ரெண்டு பேரும் ஒண்ணப் பத்தா நினைச்சுக்கிட்டீங்க. அன்னிக்கு நான் சும்மா உக்காந்திருந்தேன்."

டாயில் கம்பியை இன்னும் இறுக்கி இழுத்தான்.

"சரி. அப்போ வில்லோட போறேன். அத யாரும் தூக்கிட்டுப் போகலியே."

மான் வேட்டைக்கு வைத்திருந்த, இரு முனையிலும் கப்பி சுழலும் அந்த வில் பின்வாசல் சுவரில் இத்தனை நாளும் தொங்கிக்கொண்டுதான் இருந்தது. பிப்ரவரியில் யாருக்கும் அது ஞாபகம் வரவில்லை. டாயில் முதலில் மறுக்க வாய் திறந்தான். பிறகு நிம்மதியில் சிரித்துவிட்டான்.

"வில்லா? நடக்குற காரியமா? ஏன் மாப்ள, கைய வீசுனாலே ஓடுற ஜாதி அது. அது கண்ணு முன்னால வில்ல இழுத்துட்டு நிக்கப் போறியா?"

"மறைவுக் கூடாரத்துக்குள்ள உக்காந்துதான் இழுக்கணும்."

"இழுத்து?"

"இழுத்து விடணும்."

தீவனக் கடையில் சனிக்கிழமை இந்தச் செய்தி காப்பியோடு சேர்ந்து சுற்றிவந்தது. கடைக்கார பர்ல், கனத்த உடம்பும் நீண்ட தாடியும் மெல்லிய குரலும் உள்ளவர், ஆர்லிஸ் உப்புக்கட்டி வாங்க வந்தபோது கேட்டார்.

"வில்லோட போறியாமே. அப்படியே எதிர்த்தாப்புல கடையில ரெண்டு கறிக்கோழி சொல்லி வச்சிடவா? வீட்டுக்கு வெறுங்கையோட போகவேண்டாம்."

"எனக்கு வேண்டாம். நீங்க போன வருஷம் சுட்டது நினைப்பிருக்கா? அது இன்னும் உங்க வயலத் தாண்டி நடந்து போய்க்கிட்டிருக்கு."

எல்லோரும் சிரித்தார்கள். அவன் சிரித்ததைப் பார்த்தோம் என்று அன்றே நாலு பேர் வனெட்டாவிடம் வந்து சொன்னார்கள். அவளுக்கு அதில் ஆறுதல் வரவில்லை. ஆர்லிஸ் எப்போதும் வெளியே சிரிப்பவன். பிப்ரவரியிலும், அந்த வாரத்தின் செவ்வாய்க்கிழமை, இதே கடையில் சிரித்துவிட்டுத்தான் வந்தான்.

ஞாயிறு சர்ச் முடிந்ததும் டாயில் அவள் சமையலறைக்கு வந்தான். அவள் சாயங்காலத்துக்குப் பீன்ஸ் வேகவைத்து, சோளரொட்டிக்கு மாவு கரைத்துக்கொண்டிருந்தாள். முந்தின நாள் மழைக்கு முளைத்த தேன்கூடு போலக் குழிவிழுந்த காளான்களை டாயில் ஒரு பையில் கொண்டுவந்திருந்தான். உப்புத்தண்ணீரில் போட்டு எறும்பு எடுக்கத் தொடங்கினாள்.

"போகட்டும் வனெட்டா" என்றான் டாயில். "காடு அவனுக்கு நல்லது. வாரம் பூரா குறி பாத்துப் பழகுறான். நானே பாத்தேன்."

"நான் போகவேண்டாம்னு சொல்லலியே அண்ணே."

"சொல்லல. ஆனா மூஞ்சி சொல்லுது."

"அந்த அம்பு முனைங்களப் பாத்தியா நீ? ஒவ்வொண்ணுலயும் மூணு அலகு. கைமயிரச் செரைக்கற மாதிரி தீட்டி வச்சிருக்கான்."

"அப்படித் தீட்டாம? அது தீட்டித்தான் ஆகணும். தோட்டா அடிச்சுக் கொல்லும். அம்பு அறுத்துத்தான் கொல்லணும். முனை மழுங்குனா ஜீவன் ஓடிப்போய் எங்கயோ கிடந்து சாகும்."

"தெரியும்."

"அப்புறம் என்ன?"

அவள் காளானைப் பிழிந்து தட்டில் வைத்தாள். "ஒண்ணுமில்ல" என்றாள்.

வேறு வழி இருந்ததா என்று அவள் பிறகு பலமுறை யோசித்தாள். வில்லை ஒளித்து வைத்திருக்கலாம். ஆனால் அது அவன் முகத்துக்கு நேரே, உன்னை நம்பவில்லை என்று சொல்வது. நம்பவில்லை என்று சொன்னால் என்ன ஆகும் என்றும் அவளுக்குப் பயமாக இருந்தது. வாயால் சரி என்றாள். கை வேறொன்றைச் செய்தது.

அன்று சாயங்காலம் குளத்தங்கரை மேய்ச்சலில் ஒரு கிடேரி தலைச்சன் ஈற்றுக்குத் தவித்துக்கொண்டிருந்தது. ஆர்லிஸ் அம்புக்கூட்டைப் பின்வாசல் பெஞ்சில் வைத்துவிட்டு, வாளியில் வெந்நீரும் கயிறும் எடுத்துக்கொண்டு ஓடினான். கூட்டில் மூன்று அம்புகள். வனெட்டா காற்று வாங்க வந்தவள்போல வாசல்வரை வந்தாள். மண்வெட்டி தீட்டும் அரம் ஜன்னல் விளிம்பில் இருந்தது. கூட்டின் மூடியைத் திறந்து, முதல் அம்பை எடுத்து, அலகின்மேல் அரத்தை வைத்து ஒருமுறை இழுத்தாள். அந்தக் கிறீச்சொலி அவளையே திடுக்கிட வைத்தது. மரப்பெட்டியில் எழுப்பும் பெட்டைக்குரல்போலவே இருந்தது. குளத்தங்கரையில் அவன் முதுகைப் பார்த்துக்கொண்டே மற்ற அலகுகளையும் தேய்த்தாள். கூர் வெள்ளையாய் மின்னிய இடமெல்லாம் சாம்பலாகத் தட்டையானது. விரலால் தடவிப் பார்த்தாள், அறுக்கவில்லை. மூன்றையும் திருப்பிச் செருகி மூடினாள்.

கன்று உயிரோடு விழுந்தது. ஆனால் எழுந்து பால் குடிக்கவில்லை. ஆர்லிஸ் கைமுட்டிவரை ரத்தமும் சளியுமாக வந்து, "நாளைக்குக் காலையில பாப்போம்" என்றான். அவன் முகத்தில் வெகுநாளாகக் காணாத ஒரு தெளிவு இருந்தது. அதைப் பார்த்ததும் சொல்லிவிடலாம் என்று அவள் நினைத்தாள். அவன் குளிக்கப் போனான். சொல்லவில்லை.

திங்கட்கிழமை அவன் இருட்டோடு கிளம்பினான். அவள் ரொட்டியும் பன்றிக்கறிக் குழம்பும் வைத்தாள், பாதி சாப்பிட்டான். வாசலில் நின்று, "மேட்டு ஓக் தோப்பு ஓரத்துல இருப்பேன், வைக்கோல் வயலப் பாத்த மாதிரி" என்றான். எங்கே போகிறோம் என்று வீட்டில் சொல்லிவிட்டுப் போவது வேட்டைக்காரனின் ஒழுங்கு. அவளுக்கு அதுவே பெரிதாகப் பட்டது.

பள்ளிக்கூடத்துக்கு லீவு சொல்லியிருந்தாள். விடிந்ததும் வடக்கிலிருந்து குளிர்காற்று வந்தது. டாக்வுட் பூக்கும்போது ஒருமுறை திரும்பிவந்து எட்டிப்பார்க்கும் குளிர். கன்று புல்லில் நடுங்கிக்கொண்டு கிடந்தது. அதைச் சாக்கில் சுற்றி, தள்ளுவண்டியில் வைத்து வைக்கோல் கொட்டகைக்குள் கொண்டுபோனாள். கிடேரி கத்திக்கொண்டே பின்னால் வந்தது. காம்பைப் பீச்சிக் கன்றின் வாயில் தடவி, தூக்கி நிறுத்தி, விழ, மறுபடி தூக்கி நிறுத்தி, ஒருவழியாக அது முட்டி முட்டிக் குடிக்கத் தொடங்கியபோது அவள் ஆடையெல்லாம் நனைந்திருந்தது. நடுவில் மேட்டுப்பக்கம் ஒரு சேவல் கத்திக்கொண்டே இருந்தது. பிறகு சட்டென்று நின்றுபோனது. வில் சத்தம் இவ்வளவு தூரம் வராது.

மதியம் ஒரு மணியோடு வேட்டை நேரம் முடிகிறது. அதன்பிறகு ஆயுதத்தோடு காட்டில் நிற்பது சட்டப்படி குற்றம். ஆர்லிஸ் இதில் கறாரானவன். ஒன்றேகாலுக்கெல்லாம் பின்வாசலில் பூட்ஸ் சத்தம் கேட்கும். அன்று கேட்கவில்லை. அவள் மேசையைத் துடைத்தாள். பீன்ஸைச் சூடுபண்ணினாள். இரண்டு மணி தாண்டியதும் டாயிலுக்கு ஃபோன் செய்தாள்.

"வந்துட்டானா?" என்று அவன்தான் முதலில் கேட்டான்.

"இல்ல."

"இதோ வரேன்."

வண்டியில் வரும்போதே அவன் தன் வேட்டை உடுப்பைக் கழற்றிவிட்டு ஆரஞ்சுத் தொப்பி போட்டிருந்தான். இருவரும் வைக்கோல் வயலைக் குறுக்காகக் கடந்தார்கள். தோப்பு ஓரத்தில் துணிக்கூடாரம் காற்றில் படபடத்தது. எதிரே சேவலை ஏமாற்ற வைத்த ரப்பர் பெட்டைப் பொம்மை ஒருக்களித்துச் சாய்ந்து கிடந்தது. கூடாரத்துக்குள் யாரும் இல்லை. கொஞ்சம் தள்ளி ஒரு ஓக் மரத்தில் வில் சாத்தி வைக்கப்பட்டிருந்தது. கிளையில் அவன் கோட்டும் அம்புக்கூடும் தொங்கின.

வனெட்டா அந்தக் கோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் முகம் போன போக்கைக் கண்டு டாயில் அவள் கையைப் பிடித்தான்.

"இங்க பாரு. நல்லாப் பாரு. ஒரு மணி ஆயிடுச்சு, அதனால வில்ல வச்சுட்டுப் போயிருக்கான். சட்டம் பாக்குறவன் அவன். இதுல வேற ஒண்ணும் இல்ல."

"கோட்ட எதுக்குக் கழட்டணும்?"

"புதருக்குள்ள பூந்து தேடுறவன் கோட்டோடயா நுழைவான்? முள்ளு இழுக்கும்ல." அவன் கூட்டைத் திறந்து பார்த்தான். "ரெண்டுதான் இருக்கு. ஒண்ண விட்டிருக்கான்." தரையில் குனிந்தான். வெண்கல நிறத்தில் மின்னும் மார்பிறகுகள் ஒரு கை அளவு சிதறிக் கிடந்தன. ரத்தம் சொட்டுச் சொட்டாகத்தான் இருந்தது. "பட்டிருக்கு. சரியாப் படல. கோழி ஓடியிருக்கு, இவன் பின்னாலயே போயிருக்கான். அடிச்சதக் கண்டுபிடிக்காம வரமாட்டான் அவன். அதான் லேட்டு."

அவள் அந்த ரத்தச் சொட்டுகளிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. டாயில் அதைப் பயத்தின் மிச்சம் என்று எடுத்துக்கொண்டான்.

"நான் மேட்டச் சுத்தி வரேன். நீ ஓடையோட போ. பேசிக்கிட்டே போ, மறந்துடாத."

வேட்டைக்காரன் இருக்கும் காட்டுக்குள் போகிறவர் விசிலடிக்கக்கூடாது. கை ஆட்டக்கூடாது. பறவைக் குரல் கொடுக்கவே கூடாது. மனிதக் குரலில், சாதாரணமாக, வாய் ஓயாமல் பேசிக்கொண்டு போகவேண்டும். எங்கள் பக்கம் பிள்ளைகள் எழுத்துக்கு முன்னால் இதைக் கற்றுக்கொள்கிறார்கள். எதைப் பேசுகிறோம் என்பது முக்கியமில்லை.

வனெட்டா ஓடைக்கரையில் இறங்கினாள். சிடார் புதர்கள் நெருக்கமாக இருந்தன. போன வருஷச் சருகு ஈரத்தில் சத்தமில்லாமல் அமுங்கியது.

"ஆர்லிஸ், நான்தான். வனெட்டா. ஓடையோட கீழ்ப்பக்கமா வரேன். டாயிலண்ணன் மேட்டுல வருது." காத்திருந்தாள். "கன்னு பால் குடிச்சுடுச்சு. நாலு தடவ விழுந்துச்சு, அப்புறம் பிடிச்சுக்கிச்சு. நெத்தியில சுட்டி இருக்கு, நீ நேத்து இருட்டுல பாத்திருக்கமாட்ட. குளிரா இருந்துச்சுன்னு உள்ள கொண்டு போயிட்டேன்." நடந்தாள். "பீன்ஸ் இருக்கு. காளான் கொஞ்சம் எடுத்து வச்சிருக்கேன், நீ வந்தா வறுக்கலாம்னு. பர்ல் கேட்டாரு, உன் கோழி எங்கன்னு. இல்ல, கேக்கல. நானா சொல்றேன். என்ன பேசறதுன்னு தெரியல."

ஒரு மரங்கொத்தி எங்கோ தட்டிவிட்டு நிறுத்தியது. விழுந்த மரம் ஒன்றின்மேல் ஏறி இறங்கினாள். பேச்சு நின்றால் பயம் வந்தது. பேசினால் வேறொன்று வாய்க்கு வந்தது.

"ஆர்லிஸ், உன் குறி தப்பல. நான்தான் அரம் போட்டேன். நேத்து நீ கன்னு இழுக்கப் போனப்போ. மூணு அம்புலயும் போட்டேன். கூரு இருக்கக்கூடாதுன்னு போட்டேன். கோழியப் பத்தி நினைக்கவே இல்ல. நீ தனியாப் போற, கையில அது இருக்கு, அது மட்டுந்தான் மண்டையில இருந்துச்சு. சொல்லணும்னு இருந்தேன். நீ குளிக்கப் போயிட்ட." மூச்சு வாங்கியது. "கேக்குதா? எங்கயாவது இருந்தா ஒரு வார்த்த சொல்லு. திட்டணும்னா திட்டு. சும்மா மட்டும் இருக்காத."

"தெரியும்."

குரல் மிகப் பக்கத்திலிருந்து வந்தது. சிடார் புதருக்குள் மண்டியிட்டிருந்தான் அவன். சட்டைக் கை கிழிந்து, முகத்தில் முள் கீறியிருந்தது. கையில் முறிந்த அம்பு.

"அம்பு பதினோரு மணிக்கே கிடைச்சுடுச்சு" என்றான். "புதர்ல மாட்டி உருவிக்கிட்டு வந்திருக்கு. அலகப் பாத்தேன். நம்ம வீட்டு அரத்தோட பல்லு எனக்குத் தெரியாதா?"

அவள் நின்ற இடத்திலேயே நின்றாள்.

"பயமா இருந்தா வில்ல ஒளிச்சு வச்சிருக்கலாம். மூஞ்சிக்கு நேரா சொல்லியிருக்கலாம். அந்தக் கோழி உனக்கு என்ன பண்ணுச்சு வனெட்டா? காலையிலேர்ந்து செறகத் தரையில இழுத்துக்கிட்டுத் திரியுது. ரெண்டு தடவ கண்ணுல பட்டுச்சு. கிட்டப் போனா மறுபடி ஓடுது."

"உன்ன விட அது பெருசா எனக்கு?"

"நான் அதக் கேக்கல."

"நீ எதயும் கேக்கமாட்ட. சொல்லவும் மாட்ட. டாயிலண்ணன்கிட்ட சும்மா உக்காந்திருந்தேன்னு சொன்னியாம். சும்மாவா உக்காந்திருந்த? நான் பக்கத்துல உக்காந்தேனே, எனக்குத் தெரியாதா?"

அவன் முறிந்த அம்பைக் கையில் உருட்டிக்கொண்டிருந்தான். பேசியபோது கோபம் கொஞ்சம் இறங்கியிருந்தது.

"குறியும் தப்புதான். அரத்த மட்டும் சொல்லமுடியாது. பக்கத்துலதான் நின்னுச்சு, வாலை விரிச்சுக்கிட்டு. வில்ல இழுத்தேன். கை நடுங்கிடுச்சு. கொஞ்சம் பின்னால பட்டுச்சு." நிறுத்தினான். "மாத்திரையா, என்னன்னு தெரியல. கை என் கையாவே இல்ல."

"வா, தேடலாம்."

"நீ அந்தக் கரையில போ. விழுந்த மரத்தோட வேர்க்குழியெல்லாம் பாரு. அடிபட்டது இருட்டான இடமாத் தேடும்."

அவள்தான் கண்டாள். புயலில் சாய்ந்த ஓக் மரத்தின் வேருக்கடியில், தலையை உள்ளே நுழைத்தபடி அது கிடந்தது. பெரிய சேவல். மார்பில் தொங்கும் தாடி மண்ணில் புதைந்திருந்தது. ஆர்லிஸ் மண்டியிட்டு இறகுகளுக்கடியில் கை வைத்தான். பிறகு வனெட்டாவின் கையை இழுத்து அங்கே வைத்தான். உடம்பு நல்ல சூடாக இருந்தது.

"இப்பத்தான் போயிருக்கு" என்றான். "இவ்வளவு நேரம் இருந்திருக்கு."

அவள் கையை எடுக்கவில்லை. அழவும் இல்லை. அந்தச் சூடு ஆறத் தொடங்கும்வரை இருவரும் அப்படியே இருந்தார்கள். அவன் சட்டைப் பையிலிருந்து வேட்டை அனுமதிச் சீட்டை எடுத்துப் பறவையின் காலில் கட்டினான். தூக்கப்போனவனை விலக்கி, கால்களைப் பிடித்து அவளே தோளில் போட்டுக்கொண்டாள். கனம் நடையைச் சாய்த்தது. அவன் மாற்றி வாங்கிக்கொள்ளக் கேட்கவில்லை.

கூடாரத்தருகே டாயில் காத்திருந்தான்.

"அடப் பாவி மாப்ள, கண்டுபிடிச்சுட்டியா? தாடியப் பாரு, பர்லுக்கே இவ்வளவு இல்ல." பறவையைப் புரட்டிப் பார்த்தான். காயத்தில் விரல் வைத்தவன் நெற்றியைச் சுருக்கினான். "ஏன் ஊடுருவல? இவ்வளவு கிட்டத்துல விட்டா அந்தப் பக்கம் போயிருக்கணுமே."

வனெட்டா வாயைத் திறந்தாள்.

"கை நடுங்கிடுச்சு மச்சான்" என்றான் ஆர்லிஸ். "அவ்வளவுதான்."

வீட்டுக்கு வந்து, கொல்லைப்புறத்தில் ஆணியில் மாட்டி, மார்புக்கறியை எடுத்து மோரில் ஊறப்போட்டார்கள். கால்கறி கடினம், அது சூப்புக்கு. வனெட்டா மாவில் புரட்டி இரும்புச் சட்டியில் பொரித்தாள். பக்கத்து அடுப்பில் காளான். டாயில் சோளரொட்டியை மோரில் பிசைந்து தின்றுகொண்டே தான் காலையில் கண்டும் தவறவிட்ட சேவலின் கதையைச் சொன்னான். இரண்டாவது தடவை சொல்லும்போது அந்தச் சேவல் வளர்ந்திருந்தது. ஆர்லிஸ் கேட்டுக்கொண்டிருந்தான். அதிகம் சாப்பிடவில்லை. சிரிக்கவேண்டிய இடங்களில் சிரிக்கவும் இல்லை. வனெட்டா அதைக் கவனித்தாள். வெளியே சிரிக்காத அவனைப் பார்த்து வெகுகாலம் ஆகியிருந்தது.

டாயில் தொப்பியை எடுத்துக்கொண்டு எழுந்தபோது ஆர்லிஸ் பின்வாசலுக்குப் போய், ஒரு பழைய துண்டில் சுற்றிய சின்னப் பொட்டலத்தோடு வந்தான்.

"இதையும் எடுத்துட்டுப் போ மச்சான். மத்ததோட வச்சுடு."

டாயில் பிரித்தான். மூன்று அம்புமுனைகள். ஓர் அலகில் கட்டைவிரலை ஓட்டினான். பழக்கப்பட்ட விரல், ஒருமுறை நின்று, திரும்பவும் ஓடியது. தலை தூக்கித் தங்கையைப் பார்த்தான். அவள் அடுப்புப் பக்கம் திரும்பவில்லை, நேராகப் பார்த்தாள். அவன் துண்டைப் பழையபடி மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான்.

"வில்லு?"

"அது இருக்கட்டும். முனை இல்லாம அது வெறும் கட்ட." ஆர்லிஸ் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றான். அடுத்ததைச் சொல்ல அவனுக்கு நேரம் பிடித்தது. "துப்பாக்கியெல்லாம் உன்கிட்டயே இருக்கட்டும். நான் கேட்டாலும் குடுக்காத. நல்லாத்தான் இருக்கேன்னு சொல்லுவேன். சொன்னாலும் குடுக்காத."

டாயில் ஏதோ ஒரு கேலி சொல்லப் பார்த்தான். வரவில்லை. "சரி மாப்ள" என்றான். "எண்ணெய் போட்டு வச்சிருக்கேன்."

வண்டி ஓடைப் பாலத்தைத் தாண்டும் சத்தம் கேட்டது. வெளியே இன்னும் வெளிச்சம் இருந்தது. காற்று நின்று குளிர் மட்டும் தங்கியிருந்தது. ஆர்லிஸ் பூட்ஸை மறுபடி மாட்டினான். ஜன்னல் வழியாகக் கொட்டகையைப் பார்த்தான். அதன் கதவு காலையில் அவள் விட்டுவந்தபடி ஒருக்களித்துச் சாத்தியிருந்தது. உள்ளே கிடேரி ஒருமுறை கத்தியது.

"கன்னு உள்ளதான் இருக்கா?"

"உள்ளதான் இருக்கு. வெளியில குளிரு."

அவன் வாசல்வரை போனான். அங்கே நின்றான்.

"நீயும் வா" என்றான்.

வனெட்டா அடுப்பை அணைத்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு அவனோடு போனாள்.